மாமனாரின் பிஸ்கட்

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு 4 வயது, எடை 42 கிலோ. மாலையில் தேநீர் குடிக்க உட்கார்ந்தால் எதிரே வந்து நின்றுவிடும். பன், கேக் எதுவானாலும் ஆளுக்கொரு துண்டு கொடுக்கிறோம். சர்க்கரை நோயாளியான என் மாமனார், தன்னுடைய சர்க்கரை சேர்க்காத பிஸ்கட்டைக் கொடுக்கிறார். அது நாய்க்கும் நல்லதுதானே?

பதில்: உங்கள் தட்டில் எனக்கு முதல் பயமே அந்த பிஸ்கட்தான். சர்க்கரை சேர்க்காத தின்பண்டங்கள் சிலவற்றில், சர்க்கரைக்குப் பதிலாகச் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கும். மாமனாரை அது ஒன்றும் செய்யாது. நாயின் கணையமோ அதைச் சர்க்கரை என்று நம்பி இன்சுலினைக் கொட்டிவிடும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் ரத்தச் சர்க்கரை சரிந்து நாய் தள்ளாடும், வலிப்பும் வரலாம். அளவு கூடினால் கல்லீரலும் கெடும். உறையைத் திருப்பிப் பாருங்கள். 967 என்ற எண்ணாகவும் அது ஒளிந்திருக்கும்.

அடுத்தது, பன்னிலும் பிளம் கேக்கிலும் கிடக்கும் உலர்திராட்சை. சில நாய்கள் தின்றுவிட்டுச் சும்மா இருக்கும். சிலவற்றுக்குச் சிறுநீரகமே செயலிழக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவு கிடையாது. 'போன முறை ஒன்றும் ஆகவில்லையே' என்பது இங்கே செல்லாது. திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணம் என்று இப்போது கருதுகிறார்கள். புளியிலும் அதுதான் இருக்கிறது, ஆகவே புளிசாதமும் வேண்டாம்.

சாக்லேட் கேக் கூடாது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். கறுப்பு சாக்லேட்டும் கோகோ தூளும் பால் சாக்லேட்டைவிட மோசம்.

இவை எதுவும் இல்லாத வெறும் பன் விஷமல்ல. ஆனால் 42 கிலோ லாப்ரடாருக்கு அது தேவையுமில்லை. தின்பண்டம் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைய கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது; ஒரு சிறிய பன்னிலேயே அது ஏறக்குறைய தீர்ந்துவிடும். லாப்ரடார்களில் சுமார் நான்கில் ஒன்றுக்கு, பசியை அடக்கும் மரபணு ஒன்றில் குறை உண்டு. அது ஏக்கமாகப் பார்ப்பதை வைத்துப் பசியை அளக்காதீர்கள்.

திராட்சையோ சாக்லேட்டோ சைலிட்டாலோ உள்ளே போய்விட்டால், வாந்தி வருகிறதா என்று காத்திருக்க வேண்டாம். உப்புக் கரைசல் ஊற்றுவது அதைவிட ஆபத்து. உறையை எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள்.

தேநீர் நேரத்துக்கு கேரட், வெள்ளரித் துண்டுகள் போதும். அவற்றையும் மாமனார் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் பிஸ்கட் மேசைக்கு அடியில் போகும்.