நாலு பேர், ரெண்டு நாள், மதுரை: பணம் எங்கே கரைகிறது?

கேள்வி: சென்னையில் வேலை பார்க்கும் நான்கு தோழிகள் நாங்கள். வெள்ளி இரவு கிளம்பி, திங்கள் காலை ஆபீஸுக்கு வந்துவிட வேண்டும். தலைக்கு 3,000 ரூபாய்தான். புதுச்சேரி போய்ப் போய் அலுத்துவிட்டது. மதுரை போகலாம் என்கிறாள் ஒருத்தி. போன முறை பட்ஜெட் போட்டும் கையைக் கடித்துவிட்டது. இந்த முறை எப்படித் திட்டமிடுவது?

பதில்: மதுரை சொன்ன தோழி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். 3,000 தாராளமாகப் போதும். போன முறை எங்கே போனீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் பணம் டிக்கெட்டில் கரைந்திருக்காது என்று நினைக்கிறேன். ரூம் வாடகை, ஆட்டோ, “அப்புறம் பார்த்துக்கலாம்” என்று விட்ட கணக்கு, இந்த மூன்றில்தான் கரைந்திருக்கும்.

முதலில் ரயில். பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடியும் முன்பே மதுரை. போக ஒரு இரவு, வர ஒரு இரவு இரண்டும் ரயிலிலேயே கழிவதால் ரூம் ஒரே ஒரு நாளைக்குப் போதும். ஸ்லீப்பரில் ஒரு வழிக்குச் சுமார் 350 ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கும். பலரும் போகும் டிக்கெட்டைப் போட்டுவிட்டுத்தான் திரும்புவதைத் தேடுவார்கள். நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள். ஞாயிறு இரவு சென்னை திரும்பும் கூட்டம் பெரியது, அந்த டிக்கெட் கிடைத்த வாரத்தையே பயண வாரமாக வையுங்கள். கடைசி நேரத்தில் ஆம்னி பஸ் பார்த்துக்கலாம் என்று இருந்தால், ஞாயிறு இரவுக் கட்டணம் ஒன்றே உங்கள் பட்ஜெட்டில் பாதியைத் தின்றுவிடும். அரசு விரைவுப் பேருந்தில் அந்தக் கவலை கிடையாது, அதை மாற்று ஏற்பாடாக வைத்துக்கொள்ளலாம். தட்கலை நம்புவதாக இருந்தால் ஐஆர்சிடிசி கணக்கில் ஆதாரை இப்போதே இணைத்துவிடுங்கள். அது இல்லாமல் இப்போது ஆன்லைனில் தட்கல் எடுக்க முடியாது.

இனி ரூம். நான் சூடு பட்ட கதை ஒன்று இதில் இருக்கிறது. ஒருமுறை காலை ஐந்தரை மணிக்கு ஒரு லாட்ஜில் போய் நின்றேன். அவர்களுக்கு மதியம் 12 மணி செக்-அவுட். விடியற்காலையில் நுழைந்ததற்கு ஒரு நாள், பன்னிரண்டுக்குப் பிறகு இன்னொரு நாள் என்று இரண்டு நாள் வாடகை போட்டுவிட்டார்கள். போர்டில் எழுதித்தான் இருந்தது, தூக்கக் கலக்கத்தில் நான் படிக்கவில்லை. அதிலிருந்து போனில் நான் கேட்கும் முதல் கேள்வி வாடகை எவ்வளவு என்பதல்ல, “24 மணி நேர செக்-அவுட்டா?” என்பதுதான். ஆமாம் என்றால் சனி காலை ஆறு மணிக்கு நுழைந்து ஞாயிறு காலை ஆறு மணி வரை ஒரே வாடகை. ஜங்ஷனுக்கு எதிரே மேற்கு வெளி வீதி, டவுன் ஹால் ரோடு, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் லாட்ஜுகள் நிறைய. நாலு பேர் தங்கும் ரூமுக்கு 2,000 ரூபாய் ஒதுக்குங்கள். பெண்களாகப் போகிறீர்கள் என்பதால் சந்துக்குள் இருப்பதை விட்டு, மெயின் ரோட்டைப் பார்த்த லாட்ஜாக எடுங்கள். நூறு இருநூறு கூடினாலும் பரவாயில்லை. நாலு பேருமே அசல் அடையாள அட்டை வைத்திருங்கள்.

இந்த இடத்தில் தங்குவதால் இன்னொரு மிச்சம், ஆட்டோ. ஜங்ஷனிலிருந்து மீனாட்சி அம்மன் கோவிலுக்கு டவுன் ஹால் ரோடு வழியாக நடந்தால் கால் மணி நேரம்தான். கோவிலிலிருந்து விளக்குத்தூண், அங்கிருந்து திருமலை நாயக்கர் மஹால், எல்லாமே நடை தூரம். தூரமான இடங்களுக்கு டவுன் பஸ். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம், சென்னையைப் போலவே. ஏறும் முன் கண்டக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமையை நகரத்துக்குக் கொடுங்கள். குளித்துவிட்டுக் காலையிலேயே கோவில். மதியம் நடை சாத்தினால் மாலை நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். செல்போன் உள்ளே கிடையாது, ரூமிலேயே வைத்துவிட்டுப் போனால் வரிசையில் நின்று டோக்கன் வாங்கும் வேலை மிச்சம். நண்பகல் வெயிலுக்கு காந்தி அருங்காட்சியகம் நல்ல இடம், கட்டணமும் இல்லை. ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் இருக்கிறது. சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணியை அங்கே பார்க்கலாம். அவர் 1921 செப்டம்பரில் மேலாடையைத் துறந்ததும் இதே மதுரையில்தான். மாலையில் மஹால். 1636-இல் கட்டியதில் இன்று மிஞ்சியிருப்பது ஒரு பகுதிதான், அதற்கே அந்தத் தூண்களை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கும். இரவு மறுபடி கோவிலுக்குப் போங்கள். சொக்கநாதர் பல்லக்கில் அம்மன் சன்னதிக்குப் பள்ளியறைக்கு வருவார். தினமும் நடப்பதுதான், ஆனாலும் அந்தக் கொட்டுச் சத்தம் பிராகாரத்தில் எதிரொலிப்பதைக் கேட்க நான் இரண்டு முறை பயணத்தையே ஒரு நாள் நீட்டியிருக்கிறேன்.

சாப்பாட்டில் ஒரே விதி: ஒரு ஐட்டத்தை நாலு பேருக்கும் நாலு சொல்லாதீர்கள். கறி தோசை என்பது கீழே தோசை, நடுவில் முட்டை, மேலே சுக்காக் கறி. ஒன்றே இரண்டு பேருக்குத் தாங்கும். பன் பரோட்டாவும் அப்படித்தான். ஜிகர்தண்டா மட்டும் ஆளுக்கு ஒன்று, அதைப் பங்கு போட்டால் நட்பு கெடும். தள்ளுவண்டியில் பருத்திப்பால் கண்ணில் பட்டால் விடாதீர்கள். சுக்கும் கருப்பட்டியும் தொண்டையில் இறங்க, மூக்கில் வியர்க்கும். இப்படிச் சாப்பிட்டால் இரண்டு நாளைக்கு ஆளுக்கு 900 ரூபாய் தாராளம்.

ஞாயிறு விடியலில் ரூமைக் காலி செய்து, பைகளை ஜங்ஷன் க்ளோக் ரூமில் போடுங்கள் (பூட்டு இல்லாத பையை வாங்க மாட்டார்கள்). வெயிலுக்கு முன் கீழக்குயில்குடி சமணர் மலை ஏறிவிடுங்கள். அடிவாரத்தில் தாமரைக் குளம், மேலே பாறையில் ஆயிரம் ஆண்டுக்கு மேலான தீர்த்தங்கரர் சிற்பங்கள். பத்து மணிக்கு மேல் கீழடி. 2023-இல் திறந்த அருங்காட்சியகம், நகரத்திலிருந்து 12 கிலோமீட்டர் சுமார். இதற்கு மட்டும் நாலு பேர் சேர்ந்து ஆட்டோ பேசினால் தப்பில்லை.

ஆக ரயில் 700, ரூம் 500, சாப்பாடு 900, ஆட்டோவும் நுழைவுக் கட்டணமும் 400. மொத்தம் 2,500, கையில் 500 மிச்சம். கிளம்பும் முன்பே, ரயில் போக மீதி 1,800 ரூபாயை ஆளுக்கு ஒருத்தி கணக்குக்கு ஜிபேயில் அனுப்பிவிடுங்கள். பொதுச் செலவு எல்லாம் அவள் போனிலிருந்து மட்டும். சுங்குடிப் புடவை, மல்லிகைப் பூவெல்லாம் அவரவர் பர்ஸ்.

சித்திரைத் திருவிழா வாரமும், ஐயப்ப பக்தர்கள் வரும் கார்த்திகை, மார்கழியும், முகூர்த்த நாட்களும் வேண்டாம். ரூம் கிடைக்காது, கிடைத்தாலும் இந்தக் கணக்கில் அடங்காது.

ஞாயிறு இரவு ரயில் ஏறும் முன் இட்லி பார்சல் வாங்கும்போது சாம்பார் வேண்டாம், பொடியும் எண்ணெயும் கேளுங்கள். ஓடும் ரயிலில் சாம்பார் பொட்டலத்தைப் பிரித்தால் திங்கட்கிழமை ஆபீஸுக்கு அந்தக் கறையோடுதான் போக வேண்டியிருக்கும்.