மூன்று நிமிடம் எவ்வளவு நீளம்? குத்துச்சண்டை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு வயது 34. மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். பள்ளி நாட்களிலேயே டைசன், ஹோலிஃபீல்ட் ஆட்டங்களை விழுந்து விழுந்து பார்த்தவன். சில மாதங்களுக்கு முன் பாக்சிங் வகுப்பில் சேர்ந்தேன். ஐந்து கிலோமீட்டர் நிற்காமல் ஓடுவேன். ஆனால் மாஸ்டர் பேட் (குத்துகளை வாங்கும் கை மெத்தை) பிடித்தால் இரண்டாவது ரவுண்டிலேயே கையைத் தூக்க முடியவில்லை. ஸ்பாரிங் (எதிராளியுடன் பயிற்சிச் சண்டை) செய்ய ஆசை, எப்படித் தயாராவது?
— வாசகர், பெருங்குடி

பதில்: உங்கள் ஓட்டத்தில் குறை ஒன்றும் இல்லை. சீரான வேகத்தில் ஓடும்போது உடல் ஒரு தாளத்துக்குப் பழகி, செலவாகும் சக்தியை அவ்வப்போதே ஈடுசெய்துகொள்கிறது. குத்துச்சண்டையில் அந்தத் தாளம் கிடையாது. நான்கைந்து நொடி வெடிப்பு, சற்று விலகல், மீண்டும் வெடிப்பு என்று மூன்று நிமிடமும் மேலும் கீழுமாகவே போகும். மூன்று நிமிடச் சண்டை, ஒரு நிமிட ஓய்வு என்ற கணக்கு 1867-இல் வெளியான குவீன்ஸ்பரி விதிகளில் வகுக்கப்பட்டது. இன்றைய ஒலிம்பிக் ஆட்டம் மூன்று ரவுண்டுதான், அதாவது மொத்தம் ஒன்பது நிமிடம். தொலைக்காட்சிக்கு முன்னால் தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடுகிற அந்த ஒன்பது நிமிடத்தின் நீளம் கையுறையை மாட்டியவருக்குத்தான் தெரியும்.

புதிதாக வருகிறவர் இவ்வளவு சீக்கிரம் களைத்துப்போவதற்கு நுரையீரலைவிட இறுக்கமே பெரிய காரணம். குத்தும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். தோளைக் காதுவரை தூக்கி வைத்திருக்கிறார். முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை விரல்களை இறுக்கி மூடியே வைத்திருக்கிறார். தேர்ந்த வீரரின் முஷ்டி இலக்கைத் தொடுகிற கணத்தில்தான் இறுகும்; ஒவ்வொரு குத்தோடும் சிறிதளவு மூச்சு வெளியேறும். பயிற்சிக்கூடங்களில் கேட்கும் அந்த 'உஸ்' ஓசை பந்தாவுக்காக எழுப்பப்படுவதாகப் பலர் நினைக்கிறார்கள். மூச்சை அடைத்துக்கொள்ளாமல் இருப்பதற்கான வழி அது. குத்தின் விசை பின்காலில் தொடங்கி, இடுப்புத் திரும்பி, தோள் வழியாகக் கைக்கு வர வேண்டும். கையாலேயே குத்துகிறவருக்கு இரண்டாவது ரவுண்டில் கை மரத்துப்போவதில் வியப்பில்லை.

நெடுநாள் ரசிகர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பார்க்கும்போது கண் கையுறைகளையே தொடர்கிறது. கால்களை யாரும் பார்ப்பதில்லை. முகமது அலி கையைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்துத் தப்பிப்பதைப் பார்த்த ஒருவர் வகுப்பில் அதையே செய்து பார்க்கிறார். தூரத்தை அளக்கும் கண்ணும், நொடியில் விலகும் காலும் இருந்ததால் அலிக்கு அது பலித்தது. பயிற்சியாளர் கஸ் டமாட்டோ டைசனுக்குக் கற்றுக்கொடுத்த, இரு கையுறைகளையும் கன்னத்தோடு ஒட்டி வைத்துத் தலையை இடைவிடாமல் அசைக்கும் பாணியும் அப்படித்தான். தொடை வலுவில்லாதவர் அதைப் பின்பற்றினால் ஒரே இடத்தில் குனிந்து நின்று அடி வாங்குவார். சில மாதங்களுக்கு உங்கள் நாயகர்களை மறந்துவிட்டு, நிற்கும் நிலையையும், முன்னால் இருக்கும் கையை நேராக நீட்டிக் குத்தும் ஜாப் குத்தையும் மட்டும் செம்மைப்படுத்துங்கள்.

பயிற்சி என்று பார்த்தால், நீண்ட, நிதானமான ஓட்டத்தைக் கைவிட வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் போதும். இன்னொரு நாளில் மூன்று நிமிடம் கடுமையாக, ஒரு நிமிடம் மெதுவாக என்று மாற்றி மாற்றி ஓடுங்கள். நான்கு சுற்றில் தொடங்கி ஆறுக்குக் கொண்டுபோகலாம். ஸ்கிப்பிங், ஷேடோ பாக்சிங் (எதிராளி இல்லாமல் காற்றில் குத்துவது), பஞ்சிங் பேக் எல்லாவற்றையும் ரவுண்டு மணியை வைத்தே செய்யுங்கள். அப்போதுதான் ஒரு நிமிட ஓய்வில் மீள உடல் கற்றுக்கொள்ளும். பேகை வெறியோடு அறைவதில் பயனில்லை. ஒரு ரவுண்டு முழுக்க ஜாப் மட்டும், அடுத்ததில் குத்திய கை உடனே தாடைக்குத் திரும்புகிறதா என்பது மட்டும் என்று ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள். கழுத்துக்கான பயிற்சியையும் மாஸ்டரிடம் கேட்டுச் செய்யுங்கள். வகுப்புகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது அதுதான்.

எத்தனை மாதத்தில் ஸ்பாரிங் என்று நாள் குறிக்க மாட்டேன். ஆறு ரவுண்டு பயிற்சிக்குப் பிறகும் கைகள் தாடையருகே நிற்கின்றனவா, ஒரு நிமிட ஓய்வின் முடிவில் முழு வாக்கியம் பேச முடிகிறதா, முகத்தை நோக்கி கையுறை வரும்போது கண்ணை மூடாமல் இருக்கிறீர்களா என்பவற்றை மாஸ்டர் பார்த்துச் சொல்லட்டும். அதன் பிறகும் படிப்படியாகத்தான் போக வேண்டும்: முதலில் இருவரும் ஜாப் மட்டும்; பிறகு ஒருவர் தாக்க மற்றவர் தடுக்க; பிறகு உடலில் மட்டும் குத்து; கடைசியாக, விசையைக் குறைத்து, எல்லாக் குத்துகளும். அப்போதும் முதல் சில முறை மணி அடிக்கும் முன்பே இதயம் படபடக்கும், மூச்சு வாங்கும். அந்தப் பதற்றத்தை எந்த ஓட்டமும் போக்காது. மெதுவான ஸ்பாரிங்கைப் பலமுறை செய்தால்தான் தணியும்.

ஸ்பாரிங்கில் வெற்றி தோல்வி கிடையாது. 1980-இல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சி ஆட்டம் ஆடியது மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். எல்லிஸ் அலியின் ஊர்க்காரர், ஆண்டுக்கணக்கில் அவருடன் ஸ்பாரிங் செய்தவர், தாமே உலகப் பட்டம் வென்றவர். எதிரே நிற்பவரைக் காயப்படுத்தாமல் கூர்மைப்படுத்தத் தெரிந்த அப்படிப்பட்ட துணை கிடைப்பதுதான் அரிது.

கேள்வி: வகுப்பில் சேர்ந்த முதல் வாரத்திலேயே, என்னைவிட எடை கூடிய ஒருவருடன் ரிங்கில் ஏற்றிவிட்டார்கள். மூக்கில் ரத்தம் வந்தது. அன்றிரவு தொடங்கிய தலைவலி மறுநாளும் நீடிக்கிறது. "போகப் போகப் பழகிவிடும்" என்கிறார்கள். உண்மையா?
— வாசகர், வில்லிவாக்கம்

பதில்: உண்மை இல்லை. முதலில் மருத்துவரைப் பாருங்கள். தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, வாந்தி, குழப்பம், அளவுக்கு மீறிய தூக்கம், பார்வை மங்கல், பேச்சுக் குழறல் இவற்றில் ஏதேனும் தோன்றினாலோ தாமதிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். மருத்துவர் அனுமதிக்கும்வரை ஸ்பாரிங் கூடாது. மூளை முதல் அதிர்ச்சியிலிருந்து மீளும் முன் இரண்டாவது அடி விழுவது பேராபத்து. மாத்திரை போட்டு வலியை அமுக்கிக்கொண்டு வகுப்புக்குப் போவதும் தவறு.

தோலும் எலும்பும் ஓரளவு பழகும், மூளை பழகாது. மீண்டும் மீண்டும் தலையில் அடி வாங்கிய வீரர்களிடம் காணப்படும் தள்ளாட்டத்தையும் மந்தத்தையும் அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் 1928-லேயே விவரித்துவிட்டார். நிற்கக்கூடக் கற்றுத்தராமல் எடை வித்தியாசத்தோடு மோதவிடுகிற இடத்தில், கட்டிய பணத்தை எண்ணித் தயங்காமல் விலகிவிடுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. லவ்லினாவைப் பார்த்துக் குத்துச்சண்டை கற்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். தலைக்கவசம் போட்டால் பயமில்லை என்கிறார் பயிற்சியாளர். நம்பலாமா?
— வாசகி, தூத்துக்குடி

பதில்: பாதி நம்பலாம். தலைக்கவசம் புருவக் கிழிசலையும் முகக் காயத்தையும் வெகுவாகக் குறைக்கும்; மண்டைக்குள் மூளை குலுங்குவதை அதனால் தடுக்க முடியாது. ஒலிம்பிக்கில் 1984-இல் கட்டாயமான தலைக்கவசம், 2016 ரியோ போட்டியில் ஆண்களுக்கு நீக்கப்பட்டது. பெண்கள் தொடர்ந்து அணிகிறார்கள். வல்லுநர்களிடையே விவாதம் ஓயாத ஒன்றை "பயமில்லை" என்று ஒரே சொல்லில் முடிப்பவரிடம் இன்னும் சில கேள்விகள் கேளுங்கள். தலையில் குத்துப் படும் ஸ்பாரிங்கை எப்போது தொடங்குவார்? யாருடன்? அடிபட்டால் எத்தனை நாள் விலக்கி வைப்பார்? எடைப் பிரிவுக்காகப் பட்டினி போடச் சொல்வாரா? கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்றால் மகளை வேறு இடத்தில் சேருங்கள். வளரும் வயதில் கிடக்கும் பட்டினிக்கு எந்தப் பதக்கமும் ஈடாகாது.

மற்றபடி தடுக்காதீர்கள். 2012-இல்தான் பெண்கள் குத்துச்சண்டை ஒலிம்பிக்குக்கு வந்தது. அந்த முதல் வாய்ப்பிலேயே மேரி கோம் வெண்கலம் வென்றார். டோக்கியோவில் லவ்லினாவும் வென்றார். கால் நகர்வும் தற்காப்பும் ஸ்கிப்பிங்கும் கற்றுக்கொள்ளவே உங்கள் மகளுக்கு வெகுகாலம் பிடிக்கும்; அதுவரை தலையில் அடி வாங்க வேண்டிய தேவையே இல்லை.

கேள்வி: எனக்கு 52 வயது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஸ்பாரிங் செய்யலாமா?
— வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம். மருத்துவர் சம்மதித்தால் ஷேடோ பாக்சிங்கும் மிதமான பேக் பயிற்சியும் செய்யுங்கள். மூச்சை அடக்கிக் குத்தாதீர்கள், அது அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றும்.

கேள்வி: பத்து அவுன்ஸ் கிளவுஸ் வாங்கிவிட்டேன். ஸ்பாரிங்குக்குப் பதினாறு அவுன்ஸ் கேட்கிறார்கள். பேக் குத்தினால் சுண்டுவிரல் பக்கம் வேறு வலிக்கிறது.
— வாசகர், மதுரை

பதில்: அமெச்சூர் போட்டிக் களத்தில் எடைப் பிரிவைப் பொறுத்துப் பத்து அல்லது பன்னிரண்டு அவுன்ஸ் அணிவார்கள். ஸ்பாரிங்கில் எதிரே நிற்பவரைக் காப்பதற்காகக் கூடுதல் பஞ்சு உள்ள பதினாறு தேவைப்படுகிறது. அதைப் பேகுக்குப் பயன்படுத்தாதீர்கள். பஞ்சு அமுங்கிப் போய்விடும். பல் கவசமும் இடுப்புக் கவசமும் இல்லாமல் ரிங்கில் ஏற வேண்டாம்.

சுண்டுவிரல் பக்க வலிக்குப் பெரும்பாலும் காரணம், குத்து முதலிரண்டு கணுக்களில் (ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகளில்) இறங்காமல் வெளிப்பக்கம் சறுக்குவது. அந்தப் பக்க எலும்பு மெலிது, முறிவதும் உண்டு. வீக்கம் இருந்தால் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். வலி தீர்ந்த பிறகு, நாலரை மீட்டர் துணிப்பட்டையை மணிக்கட்டிலும் கணுக்களிலும் ஒழுங்காகச் சுற்றக் கற்றுக்கொண்டு, பாதி விசையில் மீண்டும் தொடங்குங்கள். பத்து அவுன்ஸை விற்றுவிட வேண்டாம். பேட் பயிற்சிக்கு உதவும்.