மகனுக்குச் ‘சாத்தன்’ என்று பெயர் வைக்கலாமா?

“எங்கள் குலதெய்வம் சாத்தையா. பிறந்து இரண்டு மாதமான மகனுக்குச் சாத்தன் என்று பெயர் வைக்க ஆசை. ‘சாத்தான் மாதிரி கேட்கிறதே’ என்கிறார் மாமியார். என்ன செய்வது?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

தாராளமாக வையுங்கள். சாத்தான் என்பது எபிரேயத்திலிருந்து விவிலியம் வழியாக வந்த சொல். எதிரி என்று பொருள். சாத்தனுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

நம் பழைய நூல்களில் சாத்து என்றால் வணிகர் கூட்டம். வண்டியும் பொதிமாடுமாகச் சேர்ந்து போவார்களே, அந்தக் கூட்டம். கோவலனின் தந்தை மாசாத்துவான் பெயரில் இருப்பது அதுதான். மணிமேகலை பாடிய சாத்தனாரும் மதுரையில் கூலம், அதாவது தானியம், விற்றவர். செங்கடல் கரையில், எகிப்தின் குசேர் அல்-காதிமில், சுமார் 2000 ஆண்டுக்கு முந்தைய பானை ஓட்டில் இந்தப் பெயர் தமிழ் எழுத்தில் கிடைத்திருக்கிறது. இரட்டிக்கும் மெய்யை ஒற்றையாகவே எழுதிய காலம் என்பதால் ‘சாதன்’ என்று இருக்கும். சாத்தன் என்று படிக்க வேண்டும். அவ்வளவு தூரம் கப்பலில் போன பெயரை வீட்டு வாசலில் நிறுத்திவிடாதீர்கள்!

ஐயனாருக்கும் சாத்தன் என்று பெயர் உண்டு. புகாரில் பாசண்டச் சாத்தன் கோயில் இருந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. உங்கள் சாத்தையாவும் அந்த வழிதான். மாமியாரிடம் இதை முதலில் சொல்லுங்கள். சாமி பெயர் என்றால் பாதி மனம் இளகிவிடும். செட்டிநாட்டில் சாத்தப்பன் இன்றும் சர்வ சாதாரணம். மலையாளத்தில் இதே பெயர் சாத்தன், குட்டிச்சாத்தன் என்று வழங்குகிறது. இலக்கண உரைகளிலோ எடுத்துக்காட்டுக்கு முதலில் வந்து நிற்பவன் சாத்தன்தான்: ‘சாத்தன் வந்தான்.’

முற்றத்தில் நின்று ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள். ‘முருகன்’ ‘முருகா’ ஆவதுபோலச் ‘சாத்தன்’ ‘சாத்தா’ ஆகும். எனக்கு அது சபரிமலை ஏறும்போது கேட்கும் விளி போலத்தான் இருக்கிறது.

ஒன்றில் மட்டும் கவனம். ஆங்கிலத்தில் எஸ்-ஏ-டி-ஏ-என் என்று எழுதிவிடாதீர்கள். பள்ளியில் பிள்ளை சிரமப்படுவான். நடுவில் இரண்டு ‘டி’யும் ஒரு ‘எச்’சும் போடுங்கள். அப்புறமும் வீட்டில் தயங்கினால் பதிவில் சாத்தப்பன், வீட்டில் சாத்தன். பிறப்புப் பதிவில் 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். அவசரமில்லை, பேசி முடிவெடுங்கள்.