பாதியில் நின்ற அப்கிரேடு: லினக்ஸ் கேள்வி–பதில்

உபுண்டு 22.04-லிருந்து 24.04-க்குத் தாவும்போது மாட்டிக்கொண்டவர்களின் கேள்விகள்தான் இந்த முறை அதிகம். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். ஒரு வேண்டுகோள்: பிழைச்செய்தியின் கடைசி வரியை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள். கடைசி வரி வெறும் ஒப்பாரி. செத்தது யார் என்பது அதற்குப் பத்து வரி மேலே இருக்கும்.

குடியாத்தத்திலிருந்து ஒரு கைலிக் கடைக்காரர்: சார், பில் போடும் கம்ப்யூட்டரை 24.04-க்கு மாற்றிக்கொண்டிருந்தேன். பாதியில் கரண்ட் போய்விட்டது. மறுபடி ஆன் செய்தால் கறுப்புத் திரை. எல்லாம் போச்சா?

போகவில்லை. மென்பொருள் நிறுவும் வேலையில் ஆப்ட் என்பது முன்னால் நிற்கும் மேஸ்திரி; அடியில் வேலை செய்வது டிபிகேஜி. அது ஒவ்வொரு பேக்கேஜையும் (மென்பொருள் பொதியையும்) இரண்டு கட்டமாக நிறுவும். முதலில் கோப்புகளைப் பிரித்து அந்தந்த இடத்தில் வைக்கும், பிறகு கான்ஃபிகர் செய்யும். எது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று /வார்/லிப்/டிபிகேஜி/ஸ்டேட்டஸ் கோப்பில் கணக்கு எழுதிக்கொண்டே போகும். கரண்ட் போனாலும் அந்தக் கணக்கு நோட்டு டிஸ்கில் இருக்கிறது.

கறுப்புத் திரையில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். லாகின் கேட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. கேட்காவிட்டால் மறுபடி ஆன் செய்து, கிரப் மெனுவில் (உபுண்டு ஏறுவதற்கு முன் வரும் தேர்வுப் பட்டியல்) அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் வழியாக ரெக்கவரி மோடுக்குப் போங்கள். அங்கே முதலில் 'நெட்வொர்க்' வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டிஸ்க் எழுதும் நிலைக்கு வருவதும் அப்போதுதான். அதன் பிறகு 'ரூட்'.

அடுத்து மூன்று கட்டளைகள், இதே வரிசையில்: 'சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ', 'சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால்', 'சூடோ ஆப்ட் ஃபுல்-அப்கிரேடு'. முதல் கட்டளை ஏதாவது ஒரு பேக்கேஜில் முரண்டு பிடித்தால் அதன் பெயரைக் குறித்துக்கொண்டு இரண்டாவதுக்குப் போங்கள், பிறகு முதலாவதுக்கே திரும்புங்கள். இரண்டு மூன்று சுற்று ஆகலாம். நடுவில் ஒரு அமைப்புக் கோப்பை மாற்றட்டுமா, பழையதையே வைக்கட்டுமா என்று கேட்கும். நீங்கள் கைவைத்த கோப்பு என்றால் 'என்'. நினைவில்லையா, 'டி' அழுத்தினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும்.

பயத்தில் பலர் செய்யும் காரியம், சோர்ஸ் பட்டியலை (பேக்கேஜ்களை எங்கிருந்து எடுப்பது என்று ஆப்ட் பார்க்கும் பட்டியல்) பழைய 22.04-க்கே திருப்புவது. அதைச் செய்யாதீர்கள். பாதி புதிதாகிவிட்ட பிறகு முன்னால் போவதுதான் வழி, இந்தத் திசையில் ரிவர்ஸ் கியர் கிடையாது. அடுத்த முறை பராமரிப்பு மின்தடை அறிவிப்பைப் பேப்பரில் பார்த்துவிட்டு உட்காருங்கள். யுபிஎஸ் பேட்டரி எத்தனை நிமிடம் தாங்கும் என்பதையும்தான். நம் ஊர் மே மாத வெயிலில் அதுவும் சீக்கிரம் மண்டையைப் போட்டுவிடுகிறது.

சத்துவாச்சாரி வாசகி: 'குட் நாட் கெட் லாக்' என்று வருகிறது. லாக் கோப்பை 'ஆர்எம்' போட்டு அழித்துவிடு என்கிறார் அலுவலகத்தில் ஒருவர். செய்யலாமா?

வேண்டாம் அம்மா. பூட்டு என்பது அந்தக் கோப்பு அல்ல. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல் அந்தக் கோப்பின் மேல் கெர்னலிடம் (லினக்ஸின் மையக்கரு) வாங்கி வைத்திருக்கும் உரிமைதான் பூட்டு. நிரல் செத்தால் கெர்னல் தானே பூட்டை விடுவித்துவிடும், கோப்பு சும்மா கிடக்கும். எனவே பூட்டு இருக்கிறது என்றால் யாரோ நிஜமாகவே உள்ளே வேலை செய்கிறார் என்று அர்த்தம். நீங்கள் கோப்பை அழித்தால் புதுக் கோப்பு உருவாகும், அதில் உங்களுக்குப் பூட்டு கிடைக்கும், பழைய ஆளும் உள்ளேயே இருப்பார். ஒரே நோட்டில் இரண்டு பேர் கணக்கு எழுதினால் என்ன ஆகும்? நானும் ஆரம்பத்தில் அழித்திருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்கே போனது.

செய்தியிலேயே ப்ராசஸ் எண்ணும் பெயரும் இருக்கும். பெரும்பாலும் அது 'அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்', அதாவது பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாக நிறுவும் வேலைக்காரன். ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

காட்பாடி, பொறியியல் மாணவர்: அண்ணா, 22.04-ல் பைத்தான் 3.12 போட்டு அதையே டிஃபால்ட் ஆக்கினேன். இப்போது டெர்மினலே திறக்கவில்லை. அப்கிரேடு போட்டால் 'நோ மாட்யூல் நேம்டு ஆப்ட்_பிகேஜி' என்கிறது.

தம்பி, உபுண்டு தன் சொந்த வேலைகளுக்கே பைத்தானை நம்பியிருக்கிறது. அப்கிரேடு கருவி பைத்தான், உன் டெர்மினலைத் திறக்கும் நிரலும் பைத்தான். 22.04-க்கு உரியது 3.10. ஆப்ட்_பிகேஜி அந்தப் பதிப்புக்காகவே கட்டப்பட்டது, 3.12-க்கு அது தெரியாது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 சேர்த்து அழுத்தினால் வரும் திரையில் லாகின் செய்து 'சூடோ அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் --ரிமூவ்-ஆல் பைத்தான்3', பிறகு 'சூடோ எல்என் -எஸ்எஃப் பைத்தான்3.10 /யுஎஸ்ஆர்/பின்/பைத்தான்3'. டெர்மினல் திரும்பி வரும். ப்ராஜெக்டுக்குப் புதுப் பதிப்பு வேண்டுமென்றால் அந்தப் பதிப்பைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு 'வென்வ்' (ப்ராஜெக்டுக்கென்று ஒதுக்கிய தனிப் பைத்தான் ஃபோல்டர்) உருவாக்கிக்கொள். வாடகை வீட்டில் சுவரை இடிக்காமல் பீரோ மட்டும் வாங்கி வைப்பது மாதிரி.

ராணிப்பேட்டை, தோல் நிறுவனக் கணக்காளர்: /பூட்-டில் இடம் இல்லை என்று நின்றுவிட்டது. ஆனால் டிஸ்கில் 200 ஜிபி காலியாக இருக்கிறதே?

/பூட் உங்கள் கம்ப்யூட்டரில் தனிப் பார்ட்டிஷன், அதாவது டிஸ்கில் தடுத்து வைத்த தனி அறை. பழைய கெர்னல்கள் அங்கே குவிந்திருக்கும். 'டிஎஃப் -எச் /பூட்' போட்டு உறுதிசெய்துகொண்டு 'சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்'. அதுவும் இடமில்லாமல் தடுக்கினால், மிகப் பழைய ஒரே ஒரு இனிட்ஆர்டி கோப்பை (ஒவ்வொரு கெர்னலோடும் வரும் துவக்கக் கோப்பு) வீட்டு ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டு மறுபடி முயலுங்கள். 'யுநேம் -ஆர்' காட்டும், இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலை மட்டும் தொடவே கூடாது.

வாலாஜாபேட்டை, ஓய்வுபெற்ற ஆசிரியர்: 'ரிலீஸ் ஃபைல் இஸ் நாட் வேலிட் யெட்' என்கிறது. இன்னும் செல்லாதாம். எப்போது செல்லும்?

ஐயா, திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். பழைய தேதி இருக்கும். சர்வரில் உள்ள கோப்பு உங்கள் கம்ப்யூட்டருக்கு எதிர்காலத்திலிருந்து வந்ததாகத் தெரிகிறது. 'டைம்டேட்சிடிஎல் செட்-என்டிபி ட்ரூ' போட்டால் நெட்டிலிருந்து நேரத்தை எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறை அணைத்த பிறகும் தேதி பின்னால் போனால் மதர்போர்டு பேட்டரி தீர்ந்துவிட்டது. டெஸ்க்டாப் என்றால் பெரும்பாலும் சிஆர்2032, கடிகாரக் கடையிலேயே கிடைக்கும்.

திருப்பத்தூர் வாசகர்: 23.10 வைத்திருக்கிறேன். ஆப்ட் அப்டேட் போட்டால் எல்லா வரியிலும் 404. நெட் நன்றாகத்தான் இருக்கிறது.

நெட்டில் குறையில்லை, விலாசம் மாறிவிட்டது. எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) அல்லாத உபுண்டுவுக்கு ஆயுள் 9 மாதம், 23.10-க்கு 2024 ஜூலையிலேயே முடிந்தது. அதன் பேக்கேஜ்களை வழக்கமான சர்வரிலிருந்து ஓல்ட்-ரிலீசஸ் சர்வருக்கு மாற்றிவிட்டார்கள். 2019-ல் மாவட்டம் மூன்றான பிறகும் 'வேலூர் மாவட்டம்' என்று எழுதிய கடிதம் உங்கள் ஊருக்கு வந்து சேர்ந்திருக்கும், பின்கோடு பார்த்து தபால்காரர் கொடுத்திருப்பார். ஆப்ட் அவ்வளவு கருணை காட்டாது. சோர்ஸ் பட்டியலில் ஆர்க்கைவ், செக்யூரிட்டி இரண்டு சர்வர் முகவரிகளையும் ஓல்ட்-ரிலீசஸ் என்று மாற்றி, இருக்கும் பதிப்பை முழுதாகப் புதுப்பித்துவிட்டு, 'டூ-ரிலீஸ்-அப்கிரேடு' போட்டு 24.04-க்குப் போங்கள். பிபிஏ (வெளியார் நடத்தும் பேக்கேஜ் தொகுப்பு) நிறையச் சேர்த்திருந்தால் நான் இந்தச் சுற்றுவழியே சொல்லமாட்டேன்: ஃபைல்களை பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டு புதிதாகவே நிறுவிவிடுங்கள், ஒரு மணி நேரத்தில் முடியும்.