பதில்: ஏரி கலங்கல் போனால் தெருவில் தண்ணீர், ஊராட்சியில் கையை விரிக்கிறார்கள்

வணக்கம் நண்பரே. குடியாத்தம் பக்கம் உங்கள் ஊர் ஏரி நிரம்பிக் கலங்கல் போனால் (உபரி நீர் வெளியேறினால்) தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கிறது, கேட்டால் ஊராட்சித் தலைவர் "அது எங்க ஏரி இல்லை" என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் சொல்வது பாதி சரியாக இருக்கலாம். ஆயக்கட்டு, அதாவது ஏரி பாசனம் செய்யும் நிலப்பரப்பு, 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் ஏரி நீர்வளத் துறையுடையது, குறைவென்றால் ஊராட்சி ஒன்றியத்துடையது. ஆனால் தெரு வடிகால் ஊராட்சியின் பொறுப்பு. அதில் நழுவ முடியாது.

என் சந்தேகமெல்லாம் ஏரியின் உபரி நீரை வெளியே கொண்டுபோகும் போக்குக் கால்வாய் மேல்தான். 'அ' பதிவேடும் (வருவாய்த் துறையின் நிலப் பதிவேடு) புலப்படமும் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) வாங்கி, கால்வாயின் அகலத்தை நாடா பிடித்து அளந்து பாருங்கள். எங்கள் ஊரில் காகிதத்தில் கால்வாய், தரையில் மாட்டுக் கொட்டகை! 2021 நவம்பரில் கௌண்டன்யா ஆற்றில் வெள்ளம் வந்தபோதுதான் பலருக்கு உறைத்தது.

அளவு கையில் இருந்தால் ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். அக்டோபர் 2 வரை காத்திருந்தால் மழை முந்திவிடும். 'ஆவன செய்யவும்' என்று மொட்டையாக எழுத விடாதீர்கள். சர்வே எண், நீளம், அகலம் எல்லாம் தீர்மானத்தில் வரவேண்டும்.

அதன் நகலோடு திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுங்கள். 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குத் தலைவர் அவர்தான். மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தின் தாழ்வான பகுதிகள் பட்டியலில் உங்கள் தெரு இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

இரவில் தண்ணீர் ஏறினால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-இல் போன் போடுங்கள். ஏரி ஆயக்கட்டு எவ்வளவு என்று தெரிந்ததும் இங்கே போடுங்கள், மனு வாசகம் எழுதித் தருகிறேன்.