ராக் சாதனங்களைப் பொது மின் வழியிலும் தரவு வழியிலும் இணைத்தல்: கேள்வி பதில்

மலையகப் பாடசாலைகளிலும் தேயிலைத் தொழிற்சாலைகளிலும் மின் இணைப்பு வேலை செய்துவரும் ஒருவன் என்ற முறையில், ராக்கில், அதாவது சாதனங்களை அடுக்கிப் பூட்டும் இரும்புச் சட்டத்தில், பொருத்தப்படும் சாதனங்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஹட்டனிலிருந்து ஓர் ஆசிரியர்: ஐயா, எங்கள் கணினி அறையில் 18 கணினிகளும், ராக்கில் இரண்டு நெற்வேர்க் சுவிட்ச்களும் (கணினிகளைத் தரவு வழியில் இணைக்கும் பெட்டிகள்) ஒரே ட்ரிப் சுவிட்சின் கீழ் உள்ளன. காலையில் எல்லாவற்றையும் போட்டதும் அது அடிக்கடி விழுந்துவிடுகிறது. தனித்தனியாகச் சோதித்தால் எதிலும் பழுது இல்லை. எர்த் வயரைக் கழற்றினால் சரியாகும் என்று வயரிங் செய்பவர் சொல்கிறார். கழற்றலாமா?

பதில்: தயவுசெய்து கழற்ற வேண்டாம். ட்ரிப் சுவிட்ச் என்பது எர்த்துக்குக் கசியும் மின்னோட்டத்தைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிப்பது. கணினியின் மின்வழங்கிக்குள் மின் இரைச்சலை வடிகட்டுவதற்காகச் சிறிய மின்தேக்கிகள் உள்ளன. அவற்றின் வழியாக, பழுது எதுவும் இல்லாத கணினியிலிருந்தும் ஒரு மில்லி அம்பியர் அளவிலான மின்னோட்டம் எப்போதும் எர்த்துக்குப் போய்க்கொண்டிருக்கும். 18 கணினிகளின் கசிவும் ஒரே வழியில் சேர்ந்தால் 15 மில்லி அம்பியரைத் தாண்டிவிடக்கூடும். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் 30இல் கட்டாயம் விழ வேண்டும் என்பதே விதி. 15க்கு மேல் எந்த இடத்திலும் விழுவதற்கு அதற்கு அனுமதி உண்டு. நிரந்தரக் கசிவு 9 மில்லி அம்பியருக்குள் இருப்பதே நல்லது. ஆகவே உங்கள் ட்ரிப் சுவிட்ச் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது.

எர்த்தைக் கழற்றினால் அந்தக் கசிவுக்குப் போக வழி இல்லாமல், ராக்கின் இரும்புச் சட்டம் ஏறத்தாழ 115 வோல்ட்டில், அதாவது 230இன் பாதியில், நிற்கும். முன்பு ஒரு தொழிற்சாலையில் இப்படிக் கழற்றி வைத்திருந்த ராக்கில் நான் கைவைத்தபோது விரல்கள் விறுவிறுத்ததை இன்றும் மறக்கவில்லை. பழுதில்லாத நிலையில் அது வெறும் விறுவிறுப்போடு போய்விடலாம்; உள்ளே ஒரு லைவ் வயர் சட்டத்தில் பட்டுவிட்டால், அடுத்துத் தொடுகின்ற மாணவனின் உடல்தான் எர்த் வயராகிவிடும்.

செய்ய வேண்டியது, கணினிகளை ஆறு ஆறாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் பொருத்துவதும், பிரதான இடத்தில் சற்றுத் தாமதித்து விழும் 100 மில்லி அம்பியர் வகையை வைப்பதும் ஆகும். பழைய சுவிட்சை அப்படியே விட்டுவிட்டு, அதன் கீழ் சாதாரண பிரேக்கர்களை மட்டும் பிரித்து வைப்பதில் பயனில்லை. கசிவு முழுவதும் மீண்டும் அதே சுவிட்சில்தான் வந்து சேரும். வேலையைத் தொடங்கும் முன் லைவ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து ஒரு கசிவுக் கிளாம்ப் மீற்றரால் சுற்றி அளக்கச் சொல்லுங்கள்.

தலவாக்கலையிலிருந்து ஒரு தொழிற்சாலை உதவியாளர்: கொழுந்தை வாட்டும் தளத்தின் விசிறிகளுக்கான ஐந்து மின் மீற்றர்களை பல சாதனங்கள் தரவு அனுப்பும் பொது வழியான ஒரே ஆர்எஸ்-485 இரட்டை வயரில் இணைத்திருக்கிறோம். நான்கு சரியாகப் பேசுகின்றன. கடைசி மீற்றர் இடையிடையே காணாமல் போகிறது.

பதில்: முதலில் மீற்றர்களின் முகவரிகளைப் பாருங்கள். இரண்டுக்கு ஒரே எண் இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பதில் சொல்லும். எண்கள் வேறு வேறாக இருந்தால், வயர் ஒரு மீற்றரிலிருந்து அடுத்ததற்குத் தொடராகச் செல்கிறதா, அல்லது ஓர் இடத்திலிருந்து கிளைகளாகப் பிரிகிறதா என்று பாருங்கள். இந்த வழி தொடரை மட்டுமே விரும்பும். நீண்ட கிளைகளில் சைகை முனையில் மோதித் திரும்பிவந்து அடுத்த சைகையைக் குழப்பும். அதைத் தடுப்பதற்காகவே தொடரின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடைகள் வைக்கப்படுகின்றன. மின்சாரத்தை நிறுத்திவிட்டு இரு வயர்களுக்கும் இடையே அளந்தால் ஏறத்தாழ 60 ஓம் வர வேண்டும். 120க்கு அருகில் வந்தால் ஒரு முனையில் மின்தடை இல்லை. 40 வந்தால் யாரோ நடுவிலும் ஒன்றைப் போட்டிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். விசிறிகளின் வேகத்தை மாற்றும் இன்வேர்ட்டரிலிருந்து மோட்டருக்குப் போகும் கேபிள், தொழிற்சாலையிலேயே அதிக மின் இரைச்சல் எழுப்பும் கேபிள். தரவு வயர் அதோடு ஒரே குழாயில் போனால் நான் எழுதிய மற்றவை எதுவும் உதவாது. தள்ளிக் கொண்டுபோங்கள்; குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் செங்கோணத்தில் கடக்க விடுங்கள்.

பண்டாரவளையிலிருந்து: அலுவலகத்திலிருந்து 60 மீற்றர் தள்ளியுள்ள களஞ்சியத்துக்கு நெற்வேர்க் கேபிள் இழுத்தோம். ஏப்ரல் மாத இடிமின்னலில் இரு பக்கச் சுவிட்ச்களின் போர்ட்களும் எரிந்துவிட்டன. நீளம் 100 மீற்றருக்குள்தானே இருக்கிறது?

பதில்: நீளத்தில் தவறில்லை. இரண்டு கட்டடங்களுக்கும் தனித்தனி எர்த் கம்பிகள் இருக்கும். அருகில் மின்னல் விழும்போது ஈர மண்ணிலும் அந்த இரண்டு எர்த்துகளுக்கும் இடையே ஒரு கணம் ஆயிரக்கணக்கான வோல்ட் வேறுபாடு தோன்றலாம். அவற்றை இணைப்பது உங்கள் செப்புக் கேபிள் மட்டுமே. மலையகத்தில் ஏப்ரலிலும், மீண்டும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி வழக்கமானது என்பதால், கட்டடம் விட்டுக் கட்டடம் போகும் தரவுக்கு உலோகக் கம்பி இல்லாத ஒளியிழைக் கேபிளையே போடுங்கள்.

நுவரெலியாவிலிருந்து: பனிமூட்டமும் குளிரும் ராக்கைப் பாதிக்குமா? உயரம் ஒரு பிரச்சினையா?

பதில்: பெரும்பாலான சாதனங்களின் மின்காப்பு 2000 மீற்றர் உயரம் வரைக்கும் கணக்கிடப்பட்டது, நகரம் ஏறத்தாழ 1868 மீற்றரில் உள்ளது, ஆகவே உயரம் பிரச்சினை இல்லை. ஈரத்தைத்தான் கவனிக்க வேண்டும். குளிர்ந்து கிடந்த சாதனத்தைச் சூடான அறைக்குள் கொண்டுவந்த உடனே போடாதீர்கள், நீர் படிந்திருக்கும். எப்போதும் இயங்கும் ராக் தன் சூட்டாலேயே உலர்ந்திருக்கும்.

கண்டியிலிருந்து: ராக்கின் எட்டு சொக்கெட் பட்டையை யூபிஎஸ்ஸில் (மின்தடையின்போது பற்றரியில் மின் தரும் பெட்டி) செருகி, அதிலேயே லேசர் பிரிண்டரையும் போடலாமா?

பதில்: பிரிண்டரை வேண்டாம். அதன் சூடேற்றி அடிக்கடி ஒரே மூச்சில் பெரும் மின்னோட்டத்தை இழுப்பதால் யூபிஎஸ் சுமை தாங்காமல் நின்றுவிடும். அதோடு ராக் முழுவதும் நிற்கும். அதைத் தனிச் சுவர் சொக்கெட்டில் போடுங்கள். மற்றச் சாதனங்களின் பின்புறம் எழுதியுள்ள அம்பியர்களைக் கூட்டிப் பாருங்கள்; சொக்கெட்டுகள் எட்டாக இருந்தாலும் அவை அனைத்துக்கும் மின் வருவது ஒரே மின்வயர் வழியாகத்தான், அதன் வழக்கமான வரம்பு 10 அம்பியர்.