பள்ள ரோட்டுக்கு 17 இஞ்சா, 15 இஞ்சா?

கேள்வி: என்னுடையது பெட்ரோல் ஹேட்ச்பேக் கார். அலாய் வீல், 195/55 R16 டயர். போரூரிலிருந்து சோழிங்கநல்லூருக்கு தினமும் போய் வருகிறேன். மெட்ரோ வேலைக்குத் தோண்டிய ரோடு, அதில் மழை வேறு. ஒரே சீசனில் இரண்டு டயர் பக்கவாட்டில் புடைத்துக்கொண்டது, ஒரு ரிம் நெளிந்துவிட்டது. டயர் கடைக்காரர், "17 இஞ்ச் போடுங்கம்மா, அகலமான டயர், ஸ்ட்ராங்கா இருக்கும்" என்கிறார். என் மெக்கானிக், "15 இஞ்ச் ஸ்டீல் ரிம் போட்டுட்டு நிம்மதியா இருங்க" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
- வாசகி, போரூர்

பதில்: மெக்கானிக் பேச்சைக் கேளுங்கள். கடைக்காரர் சொல்வது உங்கள் ரோட்டுக்கு நேர் எதிரான யோசனை.

டயரில் இருக்கும் 195 என்பது அதன் அகலம், மில்லிமீட்டரில். அடுத்து வரும் 55, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பதைச் சொல்கிறது. கடைசி 16, ரிம்மின் விட்டம், இஞ்சில். கணக்குப் போட்டால் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் உங்களுக்கு இருப்பது சுமார் 107 மி.மீ. ரப்பர். பள்ளத்தின் விளிம்பில் சக்கரம் மோதும்போது இந்த ரப்பர்தான் அடியை வாங்குகிறது. வேகம் கூடுதலாக இருந்தால் ரப்பர் முழுக்க நசுங்கி, ரிம்முக்கும் தார் விளிம்புக்கும் நடுவே பாக்குவெட்டியில் மாட்டிய பாக்கு மாதிரி ஆகிவிடும். உள்ளே ஓடும் நூல் அடுக்கு அங்கே அறுந்துபோகும். அதற்கப்புறம் அந்த இடத்தில் காற்றைத் தாங்குவது வெறும் ரப்பர் மட்டும்தான். அதுதான் நீங்கள் பார்த்த புடைப்பு.

இப்போது 17 இஞ்சுக்கு வருவோம். உங்கள் காருக்குப் பெரும்பாலும் 205/45 R17 காட்டியிருப்பார்கள். அதில் பக்கச்சுவர் 92 மி.மீ.தான். இருப்பதிலும் ஒன்றரை சென்டிமீட்டர் போய்விடும். 185/65 R15 போட்டால் 120 மி.மீ. கிடைக்கும். அதாவது இப்போது இருப்பதைவிட ஒரு விரல் கனம் கூடுதல். கேட்பதற்கு அற்பமாகத் தெரியும், ஆனால் ரிம் தப்பிப்பதும் நெளிவதும் அந்த ஒரு விரலில்தான் இருக்கிறது.

"வீல் சின்னதானால் கார் தாழ்ந்துவிடாதா, ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டாதா?" என்று அடுத்து கேட்பீர்கள். ரிம்மோடு சேர்த்து டயரின் மொத்த விட்டத்தைப் பாருங்கள்: 195/55 R16-க்கு 620.9 மி.மீ., 185/65 R15-க்கு 621.5 மி.மீ. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. பலேனோவையே எடுத்துக்கொள்ளுங்கள், மேல் வேரியன்ட்டுகளில் 16 இஞ்ச், கீழ் வேரியன்ட்டுகளில் 15 இஞ்ச் என்று இதே இரண்டு அளவுகள்தான் வருகின்றன. உங்கள் காரின் கையேட்டிலும் 15 இஞ்ச் அளவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தயங்க வேண்டாம். இல்லாவிட்டால் மாற்றாதீர்கள், இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் நேரத்தில் தேவையில்லாத கேள்வி வரலாம்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரே ஒரு 15 இஞ்ச் ரிம்மை முன் சக்கரத்தில் மாட்டிச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். டிஸ்க்கைப் பிடித்து நிறுத்தும் பிரேக் காலிப்பரில் எங்கும் உரசக் கூடாது. அலாய் வீலுக்கு வந்த நட்டு ஸ்டீல் ரிம்மில் சரியாக உட்காருகிறதா என்றும் பாருங்கள், பல கார்களில் இரண்டுக்கும் நட்டு வேறு.

ஸ்டீலா அலாயா என்றால், ஸ்டீல் ரிம் அடிபட்டால் நெளியும், தட்டி நிமிர்த்தி ஓட்டலாம். அலாய் லேசாக நெளிந்தால் நிமிர்த்தித் தருகிறார்கள். பலமாக அடிபட்டால் விரிசல் விட்டுவிடும். விரிசலை வெல்டிங் வைத்து ஓட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அழகும் வேண்டும் என்றால் 15 இஞ்சிலேயே அலாய் வாங்குங்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன், வளைவில் திரும்பும்போது ஸ்டீயரிங் முன்பிருந்த விறைப்பு இல்லாமல் கொஞ்சம் மெத்தென்று இருக்கும். போரூர் டிராஃபிக்கில் அது உங்களுக்குத் தெரியவா போகிறது?

டயரில் எந்த பிராண்ட் என்று எல்லாரும் கேட்பார்கள். ஒரே பிராண்டிலேயே ஒரு மாடலுக்கும் இன்னொரு மாடலுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் இருப்பதால் நான் பெயர் சொல்வதில்லை. டயரின் பக்கத்தில் பொடி எழுத்தில் 'சைடுவால்' என்று போட்டு, எத்தனை அடுக்கு பாலியஸ்டர் என்று அச்சிட்டிருப்பார்கள். ஒன்றா இரண்டா என்று டார்ச் அடித்துப் படியுங்கள். நம் ரோட்டுக்கு இரண்டு அடுக்கு பொதுவாக நல்லது. லோடு எண் கார் கம்பெனி சொன்னதற்குக் குறையக் கூடாது. 195/55 R16-இல் அது வழக்கமாக 87, அதாவது ஒரு டயர் 545 கிலோ தாங்கும். 185/65 R15-இல் 88, 560 கிலோ. ஆக அந்தக் கவலையும் இல்லை.

அப்புறம் தேதி. டயரின் பக்கத்தில் DOT (டாட்) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள்தான் தயாரித்த வாரமும் வருடமும். 3824 என்றால் 2024-இன் 38-வது வாரம். பல டயர்களில் இது ஒரு பக்கம்தான் இருக்கும். நான் ஒருமுறை டீ குடித்துவிட்டு வருவதற்குள் நான்கையும் மாட்டி முடித்துவிட்டார்கள். தேதி உள்பக்கம் போய்விட்டது. வீட்டில் தரையில் படுத்து செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால் இரண்டு டயர் இரண்டரை வருடப் பழசு. மாட்டுவதற்கு முன் தரையில் வைத்தே படித்துவிடுங்கள், பில்லிலும் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: புடைத்த டயருக்கு உள்ளே பேட்ச் வைத்தால் இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம் என்கிறார் பஞ்சர் கடைக்காரர். செய்யலாமா?
- வாசகர், தாம்பரம்

பதில்: வேண்டாம். அறுந்த நூலை பேட்ச் ஒட்டவைக்காது. ஜிஎஸ்டி சாலையில் 80-இல் போகும்போது வெடிக்க வேண்டிய டயர் அது. ஸ்டெப்னியாகக்கூட வைக்காதீர்கள்.

ஆனால் பக்கச்சுவரில் இருப்பது மேடா பள்ளமா என்று ஒருமுறை தடவிப் பாருங்கள். மேலிருந்து கீழாக மெல்லிய பள்ளக்கோடு மாதிரி இருந்தால், அது உள்ளே நூல் அடுக்கின் இரண்டு முனைகள் ஒன்றன்மேல் ஒன்று சேரும் இடம். அதில் ஆபத்து இல்லை. அதைக் காட்டிப் பயமுறுத்தி டயர் விற்பவர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி: பள்ளத்தில் விழுந்து டயர் போனால் வாரண்டியோ இன்ஷூரன்ஸோ கிடைக்காதா?
- வாசகர், மேடவாக்கம்

பதில்: வாரண்டி என்பது தயாரிப்புக் குறைக்கு. புடைப்பை 'அடிபட்டது' என்று எழுதித் திருப்பி அனுப்புவதுதான் வழக்கம், பெரும்பாலும் அது உண்மையும்கூட. சில கம்பெனிகள் சில மாடல்களுக்கு அடிபட்டாலும் மாற்றித் தருகின்றன. வாங்கும்போதே கேட்டு, வாரண்டி கார்டில் எழுதி வாங்குங்கள்.

சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் டயர் மட்டும் போனால் ஒன்றும் கிடைக்காது. அதே விபத்தில் காருக்கும் சேதம் ஏற்பட்டிருந்தால் டயர் விலையில் பாதி வரை தருவார்கள். டயருக்கென்று தனி ஆட்-ஆன், அதாவது கூடுதல் பிரீமியம் கட்டிப் பாலிசியோடு சேர்த்துக்கொள்ளும் காப்பீடு, இருக்கிறது. இரண்டு டயர் விலையையும் ஆட்-ஆன் பிரீமியத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். 15 இஞ்சுக்கு மாறியவர்களுக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது என்பது என் எண்ணம்.

புது டயரில் உண்மையாகவே தயாரிப்புக் குறை இருந்து கடைக்காரர் கைவிரித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பள்ளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், மாநகராட்சி எல்லைக்குள் 1913.

கேள்வி: பள்ளத்துக்காகக் காற்றைக் குறைத்து வைக்கலாமா? நைட்ரஜன் நல்லதா?
- வாசகி, அம்பத்தூர்

பதில்: குறைக்காதீர்கள். காற்று குறைந்தால் ரிம் சீக்கிரம் தரையைத் தொடும், மேலே சொன்ன பாக்குவெட்டிக் கதைதான். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அளவு, காலையில் வண்டி எடுப்பதற்கு முன், பதினைந்து நாளுக்கு ஒருமுறை. நைட்ரஜனுக்குக் காசு கேட்டால், சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

தப்பவே முடியாத பள்ளம் வந்தால் அதற்கு முன்னால் பிரேக் போட்டு வேகத்தைக் குறையுங்கள், பள்ளத்துக்குள் இறங்கும்போது காலை எடுத்துவிடுங்கள். பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் வண்டியின் எடை முழுக்க முன்பக்கம் சாய்ந்து, ஸ்பிரிங் ஏற்கெனவே அமுங்கிக் கிடக்கும். பெரிய அடி விழுந்த பிறகு ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுத்தால் அலைன்மென்ட், 80-க்கு மேல் நடுங்கினால் பேலன்சிங். இரண்டும் செய்தும் நடுக்கம் போகவில்லை என்றால், ரிம்மைக் கழற்றிச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நெளிவு வெளிப்பக்கத்தைவிட உள்பக்க விளிம்பில்தான் அதிகம் இருக்கும்.